உஷார்! இரண்டு முறை அடிபடும் குழந்தைகள்

ஏழு வயதுப் பையன். மூன்று வயதிலேயே படுக்கையை நனைப்பதை விட்டவன், இப்போது திடீரென்று மறுபடி ஆரம்பித்திருக்கிறான். "எருமை மாடு மாதிரி வளந்திருக்கே, வெக்கமா இல்ல?" என்று ஈரப் பாயைத் தலையில் சுமக்க வைத்து வாசலில் நிறுத்துகிறோம். எட்டாம் வகுப்புப் பெண், எப்போதும் முதல் ஐந்து ராங்க்குக்குள் வருபவள், அரையாண்டில் மூன்று பாடம் ஃபெயில். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு முதுகில் நாலு சாத்து. இன்னொரு வீட்டில், டியூஷனுக்குப் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையைத் தரதரவென்று இழுத்துப்போய், அதே டியூஷன் வாசலில் விட்டுவிட்டு வருகிறோம்.

இந்த மூன்று பேரும் சும்மா சேட்டை செய்பவர்களாக இருக்கலாம். படுக்கை நனைவதற்குச் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய் என்று உடம்பு சார்ந்த காரணங்களும் உண்டு. ஆனால் மூன்று பேருமே எங்கோ, யாராலோ, ஏற்கெனவே வதைபட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளாகவும் இருக்கலாம். அப்படியென்றால் நாம் செய்தது என்ன? அடிபட்டதன் அடையாளத்தைப் பார்த்து, அதற்காகவே இன்னொரு அடி கொடுத்திருக்கிறோம். வதைபடும் குழந்தை வாய் திறந்து சொல்வது அபூர்வம். அது படுக்கையை நனைக்கும், மார்க்கைக் கோட்டைவிடும், பக்கத்துப் பையனைக் கடிக்கும், அடுத்தவன் டிபன் பாக்ஸைத் திருடித் தின்னும், ஒரு குறிப்பிட்ட மாமா வந்தால் மட்டும் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் பிள்ளைகள் உதை வாங்குவதும் ஏறக்குறைய இதே காரணங்களுக்காகத்தான். அதனால்தான் இந்தக் கூச்சல்.

முழுப்பரீட்சை லீவு நெருங்கும்போது இன்னும் சத்தமாகக் கத்த வேண்டியிருக்கிறது. பள்ளி நடக்கிற நாட்களில் ஒரு டீச்சராவது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். லீவில் அந்தக் கண்ணும் இல்லை. கொரோனா ஊரடங்கின்போது அமெரிக்காவில் குழந்தை வதை பற்றிய புகார்கள் மளமளவென்று குறைந்தன. வதை குறைந்ததால் வந்த குறைவு என்று அங்கே யாரும் ஏமாறவில்லை. புகார் சொல்லும் இடத்தில் இருந்த ஆசிரியர்கள் பிள்ளைகளையே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"நம்ம ஊர்ல அதெல்லாம் ரொம்பக் கம்மி" என்பவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. 2007-ல் மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வை வெளியிட்டது. மூன்று குழந்தைகளில் இரண்டு பேர் அடி உதைக்கு ஆளானவர்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோர். 53.22 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அதற்குமுன் அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட வேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டே சென்னையில் 'துளிர்' அமைப்பும் 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பும் சேர்ந்து 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டிருந்தன. 42 சதவீதம் பேர் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். பெண்களில் 39 சதவீதம், பையன்களில் 48 சதவீதம். பங்களா வீடு, குடிசை வீடு என்ற வித்தியாசமும் தெரியவில்லை. "ஆம்பளைப் புள்ளைக்கு என்ன ஆயிடப் போவுது" என்று பையனை யாருடன் வேண்டுமானாலும் அனுப்பிவைக்கும் வீடுகள் அந்த 48-ஐ ஒரு தரம் உற்றுப் பார்க்க வேண்டும்.

முதலில் உடம்பு. ஓடியாடும் பிள்ளைக்கு முட்டி தேயும், மோவாயில் அடிபடும், நெற்றி புடைக்கும். எலும்பு மேட்டாக இருக்கும் இடங்களில் வரும் இந்தக் காயங்கள் சகஜம். காது, கழுத்து, கன்னத்துச் சதை, முதுகு, வயிறு, பிட்டம், தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் ரத்தக்கட்டு இருந்தால் உஷாராகுங்கள். தவறி விழுகிற பிள்ளைக்கு இந்த இடங்களில் அடிபடுவது குறைவு. குழந்தை மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் ஒரு கணக்கு உண்டு: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ ரத்தக்கட்டு இருந்தால் காரணத்தைத் தோண்டிக் கேட்க வேண்டும், நான்கு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு உடம்பில் எங்கே இருந்தாலும் கேட்க வேண்டும். புரளக்கூடத் தெரியாத குழந்தை தானாகப் போய் எதில் மோதும்? ஒரு விஷயம் மட்டும் கவனம். நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே நீலம் பாரித்த மச்சம் இருக்கும். அது அடி அல்ல. வளர வளர மங்கிவிடும். ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலும் சும்மாவே கன்றிப்போகும். அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். தெருவில் நின்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை.

தீக்காயமும் பேசும். வெந்நீர் தவறிக் கொட்டினால் தெறித்தும் வழிந்தும் தாறுமாறாகப் படும். குழந்தையின் காலைப் பிடித்துச் சுடுதண்ணீரில் அமுக்கியிருந்தால், சாக்ஸ் போட்டதுபோல ஒரே மட்டத்தில் கோடு விழுந்திருக்கும். கரண்டியைக் காய்ச்சி வைத்த சூடு கரண்டியின் வடிவத்திலேயே இருக்கும். சூடு வைப்பது, கண்ணில் மிளகாய்ப் பொடி, மிளகாய்ப் புகை, வெயிலில் முட்டி போட வைப்பது என்று நம் சமையலறைகளிலேயே ஒரு தண்டனைச் சட்டம் இருக்கிறது. அதைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிற பழக்கமும் நமக்கு இருக்கிறது.

காயத்தைவிட முக்கியமானது அதற்குச் சொல்லப்படும் கதை. கட்டிலிலிருந்து விழுந்தான் என்கிறார் அப்பா. படியில் உருண்டான் என்கிறார் அம்மா. ராத்திரி நடந்ததற்கு மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். 1946-ல் ஜான் கேஃபி என்ற அமெரிக்க டாக்டர், மூளையில் ரத்தக்கசிவுடன் வந்த ஆறு குழந்தைகளின் எக்ஸ்-ரேயைப் பார்த்தார். கை கால் எலும்புகளில் 23 முறிவுகள். ஏன் என்று பெற்றோர் யாரும் சொல்லவில்லை. அந்த எலும்புகள் சொன்னதை மருத்துவ உலகம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள இன்னும் 16 ஆண்டுகள் ஆயின. 1962-ல்தான் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும், பெற்றோரால் அடித்து நொறுக்கப்படும் குழந்தைகள் என்று அதற்குப் பெயரிட்டு எழுதினார்கள். பெற்ற தாயும் தகப்பனும் இதைச் செய்வார்கள் என்று நம்புவதற்கு டாக்டர்களுக்கே அத்தனை காலம் பிடித்தது.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பிறந்து இரண்டு வாரத்திலிருந்து குழந்தையின் அழுகை ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது மாதத்தில் உச்சத்துக்கு வரும். பால் கொடுத்தாலும், துணி மாற்றினாலும், தோளில் போட்டுக்கொண்டு நடந்தாலும் நிற்காத அழுகை. சாயங்காலத்திலும் முன்னிரவிலும் இன்னும் கூடும். ஆரோக்கியமான குழந்தையும் இப்படி அழும்; நான்கு, ஐந்து மாதத்தில் தானாகத் தணியும். இந்த உச்ச வாரங்களில்தான், தூக்கமில்லாத ஏதோ ஒரு நடுராத்திரியில், தோளைப் பிடித்து "நிறுத்துடா!" என்று உலுக்கும் கை வருகிறது. சில விநாடிகள் போதும். குழந்தையின் தலை உடம்புக்கு மீறிய கனம், கழுத்துக்கு அதைத் தாங்கும் வலு இல்லை. உலுக்கும்போது மூளையை ஒட்டிய ரத்த நாளங்கள் அறுந்து ரத்தம் கசியும், கண்ணின் விழித்திரையிலும் கசியும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். குழந்தை சோர்ந்துபோகும், பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், வலிப்பு வரும். பிழைத்தாலும் பார்வை போகலாம், கை கால் முடங்கலாம், புத்தி வளர்ச்சி நின்றுபோகலாம். தூளியில் போட்டு ஆட்டுவதையோ மடியில் வைத்துக் கொஞ்சுவதையோ சொல்லவில்லை. ஆத்திரத்தில் பிடித்து உலுக்குவதைச் சொல்கிறேன்.

அப்படி ஒரு கணம் வந்தால் செய்ய வேண்டியது மிகவும் எளிது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, விழாத இடம்தானா என்று பார்த்துவிட்டு, அறையை விட்டு வெளியே வாருங்கள். பத்து நிமிடம் அழட்டும். அழுகையால் குழந்தை செத்துப்போகாது, உலுக்கினால் போகும். முகம் கழுவுங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள், அப்புறம் உள்ளே போங்கள். வீட்டிலிருக்கும் மாமியார், நாத்தனார், கணவர் எல்லோருக்கும் சொல்வது: "பால் பத்தலை, அதான் அழுவுது" என்று புது அம்மாவைக் குத்துவதை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு வைத்தியம் இருக்கிறது. வசவு அந்த வைத்தியத்தில் சேராது.

கையே படாமல் நடக்கும் வதையை நாம் வதை என்றே எண்ணுவதில்லை. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பது நம் வீடுகளின் ஆஸ்தான ஜோக். சொல்கிற சித்தப்பா சிரிக்கிறார், கேட்கிற நான்கு வயதுப் பிள்ளை ராத்திரி விழித்துக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை சொன்னதால் குடிமுழுகிவிடாது. ஆனால் "உன்னைப் பெத்த வயித்துல பெரண்டையை வெச்சுத்தான் கட்டணும்", "அவனைப் பாரு, நீயும் இருக்கியே", "நீ பொறந்த நேரம்தான் இந்த வீடு வெளங்கலை" என்று தினமும் கேட்டு வளரும் பிள்ளை, அதைத் தன்னைப் பற்றிய உண்மையாகவே எடுத்துக்கொள்கிறது. 2007 ஆய்வில் இரண்டு குழந்தைகளுக்கு ஒருவர் இப்படி மனம் நோகும் நடத்தைக்கு ஆளானதாகச் சொன்னார். பெண் பிள்ளைகளில் 48.4 சதவீதம் பேர், நாம் பையனாகப் பிறந்திருக்கலாமே என்று ஏங்கியிருந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர்!

சரி, இதெல்லாம் ஏன் சேட்டையாகவும் மந்தமாகவும் வெளியே வருகிறது? அமெரிக்காவில் சேத் போலாக் என்ற உளவியலாளர் செய்த ஒரு சோதனை இதைப் புரியவைக்கிறது. மங்கலான முகப் படம் ஒன்று திரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும். அந்த முகத்தில் என்ன உணர்ச்சி என்று குழந்தை சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்கி வளர்ந்த குழந்தைகள், கோப முகத்தை மட்டும் மற்றக் குழந்தைகளைவிட முன்னதாகவே, படம் பாதி மங்கலாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். லண்டனில் ஈமன் மெக்ரோரி குழு 2011-ல் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, குடும்ப வன்முறையில் வளர்ந்த குழந்தைகளின் மூளையில், கோப முகத்தைக் கண்டதும் ஆபத்தை உணரும் பகுதிகள் கூடுதலாகத் துடித்தன. போர்முனைக்குப் போய்வந்த சிப்பாய்களிடம் பார்த்த அதே போக்கு.

இந்த மூளை பழுதானது என்று சொல்வதைவிட, அந்த வீட்டில் உயிர்பிழைக்கத் தன்னைப் பழக்கிக்கொண்ட மூளை என்று சொல்வதே சரி. அப்பாவின் வண்டிச் சத்தத்தைக் கொண்டே அவர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குக் கணிக்கத் தெரியும். ஆனால் அதே மூளையோடு அவன் வகுப்பில் போய் உட்காருகிறான். கரும்பலகையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் வாத்தியார் முகத்தையும் அவர் கையிலுள்ள ஸ்கேலையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். "கவனமே இல்லை" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுகிறோம். பின்னாலிருந்து ஒருவன் விளையாட்டாகத் தோளைத் தொட்டால் திரும்பிப் பளாரென்று அறைகிறான். "ரவுடிப் பயல்" என்கிறோம். சில பிள்ளைகள் நேர்மாறு. அதட்டியதும் உறைந்துபோய், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல், கண் எங்கோ நிலைகுத்தி நிற்பார்கள். "பாரு, திமிரைப் பாரு, மரம் மாதிரி நிக்கிறான்" என்று இன்னும் இரண்டு விழுகிறது. ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் மாட்டிக்கொண்ட உடம்பு, விளக்கை அணைப்பதுபோலத் தன்னை அணைத்துக்கொள்கிறது. வலி தெரியாமலிருக்க அது கண்டுபிடித்த வழி அது. மேலும் அடித்தால் மேலும் உறையும்.

அடியே இல்லாமல், கவனிக்க ஆளில்லாமல் போனாலும் இதே கதிதான் என்பதற்கு உலகம் கண்ட மிகக் கொடிய சாட்சி ருமேனியா. சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-ல் கருக்கலைப்பைத் தடைசெய்து, பிள்ளை பெற்றுத் தள்ளுங்கள் என்று உத்தரவிட்டார். வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் குழந்தைகளை அரசு விடுதிகளில் விட்டன. 1989 டிசம்பரில் அவர் வீழ்ந்தபின் வெளிநாட்டவர்கள் உள்ளே போனபோது, லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தார்கள். வரிசை வரிசையாகக் கட்டில்கள். நேரத்துக்குப் பாட்டில். தூக்கவும் பேசவும் ஆளில்லை. அழுதாலும் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தைகள் அழுவதையே விட்டிருந்தன. "அழவே அழாது, அவ்வளவு சமத்து" என்று நாம் பெருமையாகச் சொல்வோமே, அந்தச் சமத்து!

2000-ல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூவர் புக்கரெஸ்டில் அப்படிப்பட்ட 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். விடுதியிலேயே தங்கியவர்களுக்கு அறிவுத்திறன் குறைவு, மூளையின் மின்துடிப்பு மந்தம், உடல் வளர்ச்சியும் தேக்கம். வளர்ப்புத் தாயிடம் போனவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். தாமதமாகப் போனவர்களிடம் சில விஷயங்கள் முழுதாக மீளவில்லை. "சின்னப் புள்ளைதானே, அதுக்கு என்ன தெரியும், மறந்துடும்" என்கிற நம் நம்பிக்கைக்கு நேர் எதிர். நினைவில் தங்காத வயதில் நடந்தவைதான் ஆழமாகத் தங்குகின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செங்கல் சூளையிலோ மில் ஷிஃப்ட்டிலோ வேலைக்குப் போகிறாள் ஒரு தாய். ஒன்பது வயது மூத்தவள் பொறுப்பில் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகிறாள். அவளை "அலட்சியம்" என்று குற்றம் சாட்டுவது சுலபம். போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, குழந்தைகள் காப்பகம் ஏன் இல்லை, அங்கன்வாடி ஏன் மத்தியானத்தோடு பூட்டுகிறது என்பது. வசதி இருந்தும் குழந்தையைப் பட்டினி போடுவதும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை நாட்கணக்கில் காட்டாமல் வைத்திருப்பதும் வேறு ஜாதி.

பெரியவர்களான பின்னும் இது விடாது. 1980-களில் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் உடல் பருமனைக் குறைக்கும் கிளினிக் நடத்திவந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் ஓடிப்போனார்கள். ஏனென்று கேட்டுக்கொண்டே போனபோது, பலருக்குச் சிறுவயதில் பாலியல் வன்முறை நடந்திருந்தது தெரியவந்தது. பருமன் சிலருக்கு ஒரு கவசமாக இருந்திருக்கிறது. அதிலிருந்து பிறந்த பெரிய ஆய்வை அவரும் ராபர்ட் ஆண்டாவும் 1998-ல் வெளியிட்டார்கள். அடி, பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடி, சிறைக்குப் போனவர் என்று சிறுவயதுத் துயரங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிடக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு கூடுதல். இதய நோயும் ஈரல் நோயும்கூட, துயரங்களின் எண்ணிக்கை ஏற ஏற ஏறியிருந்தன.

இந்த இடத்தில் ஒரு குரல் கட்டாயம் எழும்: "நானும் அடி வாங்கித்தான் வளந்தேன், நல்லாத்தானே இருக்கேன்?" முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும் என்று பழமொழியும் கையோடு வரும். "கண்ணு ரெண்டை விட்டுட்டு மீதி தோலை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைத்த பரம்பரை நாம். பிட்டத்தில் தட்டுவது போன்ற, சாதாரணம் என்று நாம் நினைக்கிற அடியைப் பற்றி மட்டும் 75 ஆய்வுகள், 1,60,927 குழந்தைகளின் விவரங்களை ஒன்றாக்கி 2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் அலசினார்கள். அடி வாங்கிய குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும் பெற்றோருடன் விரிசலும் கூடுதலாகத் தெரிந்தன. ஒழுக்கம் கூடியதற்கான தடயம் அகப்படவில்லை. நீங்கள் நன்றாக இருப்பது உண்மையென்றால், அதற்குக் காரணம் அந்தப் பிரம்பா, அல்லது அடி விழுந்த ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிவிட்ட ஆத்தாவா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

ஆத்தாவைச் சும்மா இழுக்கவில்லை. ஹவாயின் கௌவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல மனிதராக, நிதானமான வாழ்க்கையோடு நிமிர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது, விட்டுக்கொடுக்காத ஒரு பெரியவர்: தாத்தா, பாட்டி, அத்தை, ஒரு டீச்சர். "அடிவாங்கினவன் பின்னாளில் அடிப்பான்" என்று முத்திரை குத்துவதும் தப்பு. கேத்தி விடம் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், வதைபட்ட 908 பேரில் பெரும்பான்மையோர் எந்தக் குற்றத்துக்கும் போகவில்லை. ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. தலையெழுத்து என்று அதற்கு அர்த்தமில்லை.

எந்த வீட்டில் கூடுதல் உஷார் வேண்டும்? குடி இருக்கும் வீடு. மனைவியை அடிக்கும் வீடு. அங்கே பிள்ளையும் தப்புவது அரிது. கடன் நெருக்குகிற, உறவுகளை விட்டுப் பிழைக்க வந்து, கதவைத் தட்டக்கூட ஆளில்லாமல் இருக்கும் வீடு. தானே அடிபட்டு வளர்ந்த, சின்ன வயதிலேயே தாயான பெண். குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால், நான்கு வயதுக்குட்பட்டவர்களும் வயதுக்கு வருகிற பருவத்தினரும், குறைமாதத்தில் பிறந்தவர்கள், ஓயாமல் அழுகிறவர்கள், பையனை எதிர்பார்த்த இடத்தில் பிறந்த பெண்கள். எல்லாவற்றுக்கும் மேலே மாற்றுத்திறனாளிக் குழந்தைகள். அவர்களுக்கு வன்முறை நேரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு என்று 2012-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு சொன்னது. ஆனால் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஏழைகளின் தெருவுக்கு மட்டும் போகாதீர்கள். ஏசி அறையில் போடும் கூச்சல் வெளியே கேட்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2018-ல் சென்னையில் காவலாளிகளும் கேமராவும் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், செவித்திறன் குறைந்த ஒரு சிறுமியை மாதக்கணக்கில் சீரழித்தவர்கள் அந்தக் கட்டடத்திலேயே வேலை பார்த்தவர்கள். லிஃப்ட் இயக்கியவர், செக்யூரிட்டி, பிளம்பர் என்று 17 பேர் கைதானார்கள். 2020-ல் 15 பேருக்குச் சிறப்பு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. வெளியாள் உள்ளே வராமலிருக்க வைத்த காவல், உள்ளேயிருந்தவர்களைப் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் பாய்வதில்லை. முதலில் குடும்பத்தின் நம்பிக்கையைச் சம்பாதிப்பார்கள். சாக்லேட், ரீசார்ஜ், பைக் ரவுண்டு. பிறகு யதேச்சையாகப் பட்டதுபோல ஒரு தொடுதல். பிள்ளை வீட்டில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள ரகசியம்". அப்புறம் மிரட்டல்: "சொன்னா உங்கம்மா செத்துடுவாங்க."

பள்ளிகளில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லித் தருகிறார்கள், தரட்டும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாடம் நடத்தியதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நினைப்பது எனக்கு உறுத்துகிறது. காக்க வேண்டிய வேலை பெரியவர்களுடையது. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லலாம்: நம் வீட்டில் பிறந்தநாள் பரிசு போன்ற சந்தோஷ ரகசியம் உண்டு, பயமுறுத்தும் ரகசியம் கிடையாது, யார் அப்படிச் சொன்னாலும் என்னிடம் சொல்லலாம், உன்னைத் திட்ட மாட்டேன். சொந்தக்காரருக்கு முத்தம் கொடுக்க மறுக்கும் பிள்ளையை "மாமாதானே, குடு" என்று தள்ளிவிடவும் வேண்டாம். வேண்டாம் என்று சொல்லும் பழக்கத்தை அங்கேயே உடைத்துவிடுகிறோம்.

பிள்ளை ஒருநாள் சொல்லிவிட்டது என்று வையுங்கள். உங்கள் முகம் முதலில் என்ன காட்டுகிறது என்பதில்தான் அடுத்த வாக்கியம் வருமா என்பது இருக்கிறது. அலறாதீர்கள். "ஏன் முன்னாடியே சொல்லலை?", "நீ ஏன் அங்க போனே?" என்ற இரண்டு கேள்விகளையும் விழுங்கிவிடுங்கள். "சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. துருவித் துருவி வக்கீல் விசாரணை வேண்டாம். பாட்டிக்கு ஒருமுறை, பெரியப்பாவுக்கு ஒருமுறை என்று திரும்பச் சொல்ல வைக்கவும் வேண்டாம். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

அடுத்து வருவது குடும்பக் கூட்டம். "பொம்பளைப் புள்ள, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்", "அவரு நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு", "பேசி முடிச்சிக்கலாம்". பேசி முடிக்க இதில் இடமில்லை. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே தீர வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. பள்ளி போன்ற நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்தடிக்கவும் சட்டம் விடவில்லை. போலீஸ்காரர் சீருடை இல்லாமல், பிள்ளை இருக்கும் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ வந்து, அது நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கக் கேட்டு எழுத வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். பெயரோ முகவரியோ பள்ளியோ பத்திரிகையில் வரக் கூடாது.

பாலியல் அல்லாத வதைக்கும் சட்டம் இருக்கிறது. பொறுப்பில் உள்ள பிள்ளையை அடித்துக் கொடுமைப்படுத்தினால், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால், 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. தமிழ்நாட்டில் பள்ளி சம்பந்தப்பட்ட புகாருக்கு 14417. எல்லாவற்றுக்கும் பொதுவானது 1098; 1996-ல் மும்பையில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம். "கூப்பிட்டா புள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களே" என்று பயப்படுகிறார்கள். விடுதி கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்த இளைஞர் நீதிச் சட்டமே சொல்லும் கொள்கை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் முதலில் பார்ப்பது, குடும்பத்துக்குள்ளேயே பிள்ளை பத்திரமாக இருக்க வழி உண்டா என்பதைத்தான்.

பக்கத்து வீட்டில் இப்போது அடி விழுகிற சத்தம் கேட்கிறதா? ஆதாரம் திரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். போய்க் கதவைத் தட்டி, "உறை ஊத்த ஒரு கரண்டி மோர் இருக்கா?" என்று கேளுங்கள். கணவன் மனைவியை அடிக்கும் வீட்டில் காலிங் பெல்லை அழுத்துங்கள் என்று 2008-ல் இந்தியா முழுக்க ஒரு பிரசாரமே நடந்தது. கதவு திறக்கும் அந்த நேரத்துக்காவது ஓங்கிய கை இறங்கும், வெளியே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். உள்ளே போய் அடிக்கிறவரைத் திட்டாதீர்கள். நீங்கள் போனபின் அந்தக் கோபமும் பிள்ளை மேல்தான் இறங்கும். வீட்டுக்கு வந்ததும் 1098. எந்தத் தெரு, எந்த வீடு, குழந்தைக்கு ஏறக்குறைய என்ன வயது, என்ன கேட்டது, எத்தனை நாளாகக் கேட்கிறது என்று சொன்னால் போதும். சந்தேகம் உண்மைதானா என்று பார்ப்பது அவர்கள் வேலை. உங்கள் பெயர் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.